ஒரே குடும்பத்துக் கோர்களை ஒப்பிடுவது எப்படி? எம்பெடட் போர்டு தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு டெவலப்மென்ட் போர்டுகளை அருகருகே வைத்தால் விளம்பரத்தில் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 32 பிட், ஆர்ம் கோர்டெக்ஸ்-எம், இத்தனை மெகாஹெர்ட்ஸ். ஒன்றில் எம்3, இன்னொன்றில் எம்4. அல்லது எம்0, எம்0 பிளஸ். பெரிய எண்ணை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் கை போகும். எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் போனது. கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளை இயக்கும் பகுதி; அதன் பெயர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி, அந்தக் கோரைச் சிப்புக்குள் வைத்தவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், அதன் முன்னால் எந்த நினைவகத்தை வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

சி மொழியில் ஓரளவு எழுதிப் பழகியிருந்தால் இந்த வழிகாட்டியைப் பின்தொடரலாம். அசெம்பிளி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோர்டெக்ஸ்-எம் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முறை எந்தக் கோருக்கும் பொருந்தும்.

படி 1: வேலையைச் சைக்கிள் கணக்கில் எழுதுங்கள்

டேட்டாஷீட்டைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதம் எடுங்கள். உங்கள் நிரலில் நேரக் கெடு உள்ள வேலை எது? அதை ஒரு முறை முடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது? அந்த நேரத்தைக் கடிகார வேகத்தால் பெருக்கினால் உங்களுக்குக் கிடைக்கும் சைக்கிள்கள், அதாவது கடிகாரத் துடிப்புகள், தெரிந்துவிடும்.

மோட்டார் கட்டுப்பாட்டு லூப் ஒன்று நொடிக்கு 20,000 முறை ஓட வேண்டும் என்றால் ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோநொடி. 72 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் அது 3,600 சைக்கிள். 48 மெகாஹெர்ட்ஸில் 2,400.

இந்தக் கட்டுரை முழுக்க நம்மோடு வரப்போகும் உதாரணம் இன்னொன்று. நொடிக்கு 48,000 மாதிரிகள் வரும் ஒலி, ஒவ்வொரு மாதிரிக்கும் 32 குணகங்கள் கொண்ட ஒரு எஃப்ஐஆர் வடிகட்டி (அண்மைய மாதிரிகளைக் குணகங்களால் பெருக்கிக் கூட்டுவது), எல்லாம் 16 பிட் முழு எண்கள். 48 மெகாஹெர்ட்ஸில் ஒரு மாதிரிக்கு 1,000 சைக்கிள். அதற்குள் 32 பெருக்கல், 32 கூட்டல், அவற்றுக்கான நினைவக வாசிப்பு எல்லாம் முடிந்தாக வேண்டும்.

வேலையின் தன்மையையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். சிப்பின் பின்களில் (வெளி இணைப்புக் கால்களில்) மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதா, முழு எண் கணக்கா, 64 பிட் பெருக்கலா, தசம எண்களா, வெறுமனே தரவை இடம் மாற்றுவதா? கோர்கள் வேறுபடுவது இந்த இடங்களில்தான். பின்னை ஏற்றி இறக்கும் வேலைக்கு எஃப்பியூ (தசமக் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் அலகு) உள்ள கோர் வாங்கினால் அந்த எஃப்பியூ தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

படி 2: கோர், சிப், போர்டு மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

ஆர்ம் நிறுவனம் கோரின் வடிவமைப்புக்கு உரிமம் தருகிறது. சிப்பைச் செய்து விற்பது வேறு நிறுவனங்கள். உரிமம் வாங்குபவருக்குப் பல விருப்பத் தேர்வுகள் உண்டு: எஃப்பியூ வேண்டுமா, நினைவகப் பாதுகாப்பு அலகு வேண்டுமா, எத்தனை இன்டரப்ட் வரிகள் (ஓடும் நிரலை நிறுத்தி அவசர வேலைக்கு அழைக்கும் சமிக்ஞைகள்), பெருக்கி வேகமானதா சிறியதா. ஆகவே இரண்டு சிப்களில் ஒரே கோர் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நார்டிக்கின் என்ஆர்எஃப்52832, என்ஆர்எஃப்52810 இரண்டும் 64 மெகாஹெர்ட்ஸ் கோர்டெக்ஸ்-எம்4. முதலாவதில் எஃப்பியூ உண்டு, இரண்டாவதில் இல்லை. "எம்4 என்றால் ஃப்ளோட் வேகமாக ஓடும்" என்ற நம்பிக்கையோடு இரண்டாவதை வாங்கினால் ஒவ்வொரு தசமக் கணக்கும் மென்பொருள் லைப்ரரி வழியாகத்தான் போகும்.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இது பெரும்பாலும் இருக்கும். சந்தேகம் இருந்தால் சிப்பையே கேட்கலாம். எல்லாக் கோர்டெக்ஸ்-எம் கோர்களிலும் சிபியூஐடி என்ற ரெஜிஸ்டர் (சிப்புக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) இருக்கிறது. அதன் 4 முதல் 15 வரையிலான பிட்களில் கோரின் பகுதி எண் பதினறும எண்ணாக இருக்கும்: எம்0 என்றால் சி20, எம்0 பிளஸ் என்றால் சி60, எம்3 சி23, எம்4 சி24, எம்7 சி27, எம்33 டி21. டீபக்கரை இணைத்து அந்த ஒரு முகவரியைப் படித்தால் போதும். போர்டின் மேல் அச்சிட்டிருப்பதை விட இது நம்பகமானது.

படி 3: ஒத்த கோர்களை ஜோடி ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள்

எம்0-ஐயும் எம்7-ஐயும் ஒப்பிடுவதில் குழப்பம் வராது. குழப்பம் வருவது பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றில்தான்.

*எம்0, எம்0 பிளஸ்.* முதலாவது 2009-ல் வந்தது, இரண்டாவது 2012-ல். இரண்டும் ஒரே கட்டளைத் தொகுப்பு, அதாவது ஆர்ம்வி6-எம். ஒன்றுக்காகக் கம்பைல் செய்த நிரல் மற்றதிலும் ஓடும். வேறுபாடு உள்ளமைப்பில்: எம்0-க்கு மூன்று நிலைப் பைப்லைன் (கட்டளைகள் படிப்படியாகக் கடந்துபோகும் வரிசை), பிளஸுக்கு இரண்டு நிலை. பைப்லைன் குட்டையாக இருப்பதால் நிரல் வேறு இடத்துக்குத் தாவும்போது வீணாகும் சைக்கிளும் குறைவு. எம்0-ல் ஒரு தாவலுக்கு 3 சைக்கிள், பிளஸில் 2. இன்டரப்ட் வந்து முதல் கட்டளை ஓட எம்0-க்கு 16 சைக்கிள், பிளஸுக்கு 15. பின்களை ஒரே சைக்கிளில் தொடும் தனிப்பாதையைப் பிளஸில் சேர்க்கலாம். நினைவகப் பாதுகாப்பு அலகும், வெக்டர் அட்டவணையை (எந்த இன்டரப்டுக்கு எந்தச் சார்பு என்ற பட்டியலை) இடம் மாற்றும் விடிஓஆர் ரெஜிஸ்டரும் பிளஸில் விருப்பத் தேர்வு. எம்0-ல் இரண்டும் கிடையாது. பூட்லோடர் (முதலில் ஓடி முதன்மை நிரலைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) எழுதப்போகிறீர்கள் என்றால் இந்த விடிஓஆர் ஒன்றே உங்கள் தேர்வைத் தீர்மானித்துவிடும்.

*எம்3, எம்4.* பலரும் கேட்பது இந்த ஜோடியைப் பற்றித்தான். 2004-ல் அறிவிக்கப்பட்ட எம்3-ன் மீது டிஎஸ்பி (ஒலி போன்ற சமிக்ஞைகளைக் கணக்கிட உதவும்) கட்டளைகளைச் சேர்த்து 2010-ல் எம்4 வந்தது. இரண்டும் மூன்று நிலைப் பைப்லைன், இரண்டிலும் வன்பொருள் வகுத்தல் 2 முதல் 12 சைக்கிள், இரண்டிலும் இன்டரப்ட் தாமதம் 12 சைக்கிள். சாதாரண முழு எண் நிரலை ஒரே கடிகார வேகத்தில் ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எம்4 முந்தும் இடங்கள் குறிப்பானவை. இரண்டு 16 பிட் ஜோடிகளைப் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையில் சேர்ப்பது ஒரே கட்டளை, ஒரே சைக்கிள். 32 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கி 64 பிட் விடை எடுக்க எம்3-க்கு 3 முதல் 5 சைக்கிள், எம்4-க்கு 1. இவற்றோடு விருப்பத் தேர்வாக ஒற்றைத் துல்லிய எஃப்பியூ. உங்கள் வேலை இந்த மூன்றில் எதையும் தொடவில்லை என்றால் எம்4-க்காக ஏங்க வேண்டாம்.

*எம்4, எம்33.* எம்33 2016-ல் ஆர்ம்வி8-எம் கட்டமைப்போடு வந்தது. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு எம்4-ஐ விடக் கொஞ்சம் கூடுதல் வேலை செய்யும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஸ்டாக் எல்லை ரெஜிஸ்டர்கள் இருப்பதால் ஸ்டாக் நிரம்பி வழியும் தருணத்திலேயே பிடிபடும். பழைய கோர்களில் அது எங்கோ ஒரு மாறியைக் கெடுத்துவிட்டு, அரை மணி கழித்து வேறெங்கோ வெடிக்கும். நினைவகப் பாதுகாப்பு அலகிலும் முன்னேற்றம் உண்டு. எம்4-ல் ஒரு பகுதியின் அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்க முகவரியும் அந்த அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். எம்33-ல் 32 பைட் படிகளில் தொடக்கமும் முடிவும் சொன்னால் போதும். டிரஸ்ட்ஸோன் பாதுகாப்புப் பிரிவும் சேர்க்கலாம். எம்3, எம்4-ல் கிடைத்த பிட்-பேண்டிங் வசதி (ஒரு பிட்டைத் தனி முகவரி வழியாகத் தொடுவது) மட்டும் எம்33-ல் இல்லை. பழைய நிரல் அதை நம்பியிருந்தால் மாற்றி எழுத வேண்டும்.

*எம்7.* இது தனி இனம். 2014-ல் வந்தது. ஆறு நிலைப் பைப்லைன், ஒரே சைக்கிளில் இரண்டு கட்டளைகளைத் தொடங்கும் திறன், கேஷ் (அண்மையில் பயன்படுத்தியதை வைத்திருக்கும் சிறு வேக நினைவகம்), இறுக்கமாக இணைந்த நினைவகம் எல்லாம் உண்டு. டீன்ஸி 4.0 போர்டில் இது 600 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆனால் சைக்கிள்களைக் காகிதத்தில் எண்ணிச் சொல்வது இங்கே கடினம். கேஷில் இருந்தால் ஒரு நேரம், இல்லாவிட்டால் வேறு நேரம்.

படி 4: உள் லூப்பை எண்ணிப் பாருங்கள்

இப்போது நம் ஒலி வடிகட்டிக்கு வருவோம். ஒரு குணகத்துக்கு என்ன செய்ய வேண்டும்? ஒரு மாதிரியை வாசி, ஒரு குணகத்தை வாசி, பெருக்கு, கூட்டு, எண்ணியைக் குறை, திரும்பத் தாவு. எம்0 பிளஸில் வாசிப்பு ஒவ்வொன்றும் 2 சைக்கிள், பெருக்கல் 1, கூட்டல் 1, குறைத்தல் 1, தாவல் 2. மொத்தம் 9. முப்பத்திரண்டு குணகங்களுக்கு 288. நம்மிடம் இருப்பது 1,000. எனவே தாமதமில்லாத நினைவகத்தில் இருந்து ஓடினால் எம்0 பிளஸே போதும்.

இந்த இடத்தில்தான் இரண்டாம் படி பயன்படுகிறது. எம்0, எம்0 பிளஸ் இரண்டிலும் சிப் செய்பவர் வேகப் பெருக்கிக்குப் பதிலாகச் சிறிய பெருக்கியைத் தேர்ந்தெடுக்கலாம். அது ஒரு பெருக்கலுக்கு 32 சைக்கிள் எடுக்கும். அப்போது ஒரு சுற்று 40 சைக்கிள், 32 சுற்றுக்கு 1,280. கெடு தாண்டிவிட்டது. அதே கோர் பெயர், அதே மெகாஹெர்ட்ஸ், அதே நிரல். ஒன்றில் வடிகட்டி ஓடும், மற்றதில் ஓடாது.

எம்3-ல் இதே லூப்பை எண்ணினால் அடுத்தடுத்த வாசிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று படிவதால் கொஞ்சம் மிச்சம், பெருக்கிக் கூட்டும் கட்டளைக்கு 2 சைக்கிள், தாவலுக்கு 2 முதல் 4. கிட்டத்தட்ட அதே 9-ஐ ஒட்டித்தான் வருகிறது! இந்த ஒரு வேலைக்கு எம்3, எம்0 பிளஸை விடப் பெரிதாக ஒன்றும் முந்தவில்லை. முதன்முதலில் இதை எண்ணியபோது எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன்.

குணகங்களை 128 ஆக்கினால் காட்சி மாறும். எம்0 பிளஸுக்கு 1,152 சைக்கிள், கெடுவுக்குள் வராது. எம்4-ல் இரண்டிரண்டாக எடுத்தால் 64 ஜோடிகள். ஒரு ஜோடிக்கு இரண்டு வாசிப்பும் ஒரு பெருக்கிக் கூட்டலும், அதிகபட்சம் 5 சைக்கிள். லூப்பை விரித்து எழுதினால் 320-ஐ ஒட்டி முடியும். எம்4 தன் இடத்தை உண்மையாகவே சம்பாதிப்பது இப்படிப்பட்ட வேலையில்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: சாதாரணமாக எழுதிய சி நிரலைக் கம்பைலர் எப்போதும் இந்த ஜோடிக் கட்டளைகளாக மாற்றித் தராது. ஆர்மின் சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பி லைப்ரரியையோ, நேரடியாகக் கட்டளையாக மாறும் இன்ட்ரின்சிக் சார்புகளையோ பயன்படுத்த வேண்டியிருக்கும்.

படி 5: சிறிய கோரில் என்ன இல்லை என்று பட்டியலிடுங்கள்

வேகத்தை விட இதில்தான் அதிக நேரம் வீணாகும். எம்4-ல் பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய ஒரு பாக்கெட் பிரிக்கும் நிரலை ஒருமுறை எம்0 பிளஸ் போர்டுக்கு மாற்றினேன். முதல் பாக்கெட்டிலேயே ஹார்டுஃபால்ட், அதாவது நிரல் தொடர முடியாத தவறு. காரணம், பைட் வரிசையின் நடுவில் இருந்த 32 பிட் எண்ணைப் பாயின்டரை மாற்றி நேரடியாகப் படித்திருந்தேன். எம்3, எம்4-ல் நான்கால் வகுபடாத முகவரியில் இருந்தும் சாதாரண வாசிப்பு நடக்கும். ஆர்ம்வி6-எம் கோர்களில் நடக்காது. மெம்காப்பி போட்டதும் தீர்ந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுதும் போனது.

அந்த மாலை நீண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்3, எம்4, எம்7, எம்33 கோர்களில் தவறுகள் வகை பிரிந்து வரும்: நினைவகத் தவறு, பஸ் தவறு, பயன்பாட்டுத் தவறு. எந்த முகவரியில் நடந்தது என்றுகூடப் பல சமயம் ரெஜிஸ்டரில் இருக்கும். எம்0, எம்0 பிளஸில் எல்லாமே ஹார்டுஃபால்ட்தான். ஏன் என்று சொல்ல ரெஜிஸ்டர் இல்லை.

ஆர்ம்வி6-எம் கோர்களில் இல்லாத மற்றவை:

வன்பொருள் வகுத்தல் இல்லை. ஒவ்வொரு வகுத்தலும் லைப்ரரிச் சார்பாகிறது. ராஸ்பெர்ரி பை பிக்கோவின் ஆர்பி2040 சிப்பில் இந்தக் குறையை ஈடுகட்டக் கோருக்கு வெளியே 8 சைக்கிளில் முடிக்கும் ஒரு வகுத்தல் அலகை வைத்திருக்கிறார்கள். அது சிப்பின் தயவு; கோரின் குணம் என்று எண்ணி வேறு எம்0 பிளஸ் போர்டில் எதிர்பார்க்கக் கூடாது.

பிரத்தியேக (எக்ஸ்க்ளூசிவ்) வாசிப்பு, எழுத்துக் கட்டளைகள் இல்லை. எனவே அணுநிலைச் செயல்பாடுகளுக்கு, அதாவது நடுவில் எதுவும் குறுக்கிடக் கூடாதவற்றுக்கு, இன்டரப்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். குறிப்பிட்ட முன்னுரிமைக்குக் கீழ் உள்ளவற்றை மட்டும் நிறுத்தும் பேஸ்ப்ரை ரெஜிஸ்டரும் இல்லை. நிறுத்தினால் எல்லாம் நிற்கும். இன்டரப்ட் முன்னுரிமையிலும் நான்கு நிலைகள்தான். நேரத்துக்கு ஓட வேண்டிய ஒரு மோட்டார் இன்டரப்டும், நடுவில் புகும் தொடர்பு நிரலும் ஒன்றாக இருக்கும் திட்டத்தில் இந்த ஒரு குறைக்காகவே எம்3-க்குப் போவது நியாயம்.

32 பிட் பெருக்கலின் மேல் பாதி கிடைக்காது. 64 பிட் விடை வேண்டும் என்றால் பல பெருக்கல்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும். நிலைப்புள்ளிக் கணக்கு (தசமங்களை முழு எண்களாகவே கையாள்வது) எழுதுபவர்களுக்கு இது வலிக்கும்.

படி 6: ஃப்ளோட் கணக்கை நம்புவதற்கு முன்

எம்4-ன் எஃப்பியூவில் கூட்டலும் பெருக்கலும் 1 சைக்கிள், வகுத்தலும் வர்க்கமூலமும் 14. எஃப்பியூ இல்லாத கோரில் ஒரு கூட்டலுக்கே பல பத்து சைக்கிள்கள் போகும். இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, அந்த எஃப்பியூ உண்மையாகவே பயன்படுகிறதா என்று உறுதிசெய்யாமல் விடக் கூடாது.

மூன்று இடங்களில் பாருங்கள். கம்பைலருக்கு எஃப்பியூ வகையும் ஹார்டு ஃப்ளோட் அமைப்பும் கொடுத்திருக்கிறீர்களா? தொடக்க நிரலில் எஃப்பியூவை இயக்கும் ரெஜிஸ்டர் பிட்கள் போடப்பட்டிருக்கின்றனவா? ரீசெட்டுக்குப் பின் அது அணைந்தே இருக்கும். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது: சி மொழியில் 0.5 என்று எழுதினால் அது டபுள். அந்த ஒரு மாறிலி முழுக் கோவையையும் டபுளுக்கு இழுத்துப்போகும். எம்4-ன் எஃப்பியூவுக்கு ஒற்றைத் துல்லியம் மட்டுமே தெரியும் என்பதால் கணக்கு சத்தமில்லாமல் லைப்ரரிக்குப் போய்விடும். மாறிலியின் கடைசியில் எஃப் என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஜிசிசியில் டபுள் ப்ரமோஷன் எச்சரிக்கையை எப்போதும் போட்டு வைத்திருங்கள்.

எஃப்பியூவுக்கு ஒரு விலையும் உண்டு. இன்டரப்ட் வரும்போது ஸ்டாக்கில் சேமிக்கும் இடம் 8 சொற்களில் இருந்து 26 சொற்களாகிறது, அதாவது 32 பைட்டுக்குப் பதில் 104 பைட். இடத்தை ஒதுக்கிவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் எழுதும் சோம்பல் முறை இருப்பதால் தாமதம் பெரும்பாலும் 12 சைக்கிளிலேயே நிற்கும். ஆனால் ஆர்டிஓஎஸ்ஸில் (நேரக் கெடு வேலைகளுக்கான சிறு இயங்குதளத்தில்) பத்து டாஸ்க் வைத்திருந்தால் ஸ்டாக் அளவுகளைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

படி 7: கோருக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தைப் பாருங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஃபிளாஷ் நினைவகம் கோரின் வேகத்துக்கு ஓடாது. எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில், அதாவது புளூ பில் போர்டில், 24 மெகாஹெர்ட்ஸ் வரை ஃபிளாஷ் காத்திருப்பு (ஃபிளாஷ் பதில் தரும்வரை கோர் சும்மா நிற்கும் சைக்கிள்) ஏதுமில்லை. 48 வரை ஒரு காத்திருப்பு, 72 வரை இரண்டு. 24-ல் இருந்து 72-க்கு உயர்த்தினால் மூன்று மடங்கு வேகம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முன்கூட்டியே வாசிக்கும் பஃபர் நேர்கோட்டில் ஓடும் நிரலுக்கு உதவும். தாவல் வந்ததும் பஃபரில் இருந்தது பயனற்றுப் போய் மீண்டும் காத்திருப்பு தொடங்கும்.

அதே எம்3 கோர் ஜிடி32எஃப்103 சிப்பில் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, நிரல் பகுதிக்குக் காத்திருப்பு இல்லாமல். பெயரளவில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று. ஆனால் சைக்கிள்களை எண்ணி நேரம் வைத்த நிரல் ஒன்றில் சரியாகவும் மற்றதில் பிசகியும் ஓடும்.

எஸ்டிஎம்32எஃப்407-ல் 168 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்து காத்திருப்புகள். அதை மறைக்க 128 பிட் அகல வாசிப்பும், 64 வரிகள் கொண்ட ஒரு சிறு கட்டளைக் கேஷும் வைத்திருக்கிறார்கள். வரிக்கு 16 பைட், மொத்தம் 1 கிலோபைட். உங்கள் உள் லூப் அதற்குள் அடங்கினால் காத்திருப்பே இல்லாதது போல ஓடும். அடங்காவிட்டால் வேறு சிப்பில் ஓடுவது போல இருக்கும். நிரலில் தொடர்பே இல்லாத இடத்தில் ஒரு வரி சேர்த்ததும் லூப்பின் வேகம் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதையும் முகவரி ஒழுங்கையும்தான்.

அதே சிப்பில் 64 கிலோபைட் சிசிஎம் ரேம் (கோரோடு நேரடியாக இணைந்த ரேம்) உண்டு. தரவுக்கு மிக நல்ல இடம். ஆனால் டிஎம்ஏ (கோரின் உதவியின்றித் தரவை நகர்த்தும் அலகு) அதைத் தொட முடியாது, நிரலையும் அங்கிருந்து ஓட்ட முடியாது. எஸ்டிஎம்32எஃப்303-ல் உள்ள சிசிஎம் அதைவிடச் சிறியதுதான் என்றாலும் அதிலிருந்து நிரல் ஓடும். இரண்டும் எம்4, இரண்டுக்கும் நினைவகத்தின் பெயர் ஒன்றே, பயன் வேறு.

பிக்கோவில் நிரல் வெளியே தனிச் சிப்பில் இருக்கும் க்யூஎஸ்பிஐ ஃபிளாஷில் இருந்து 16 கிலோபைட் கேஷ் வழியாக ஓடுகிறது. கேஷில் இல்லாத கட்டளை வந்தால் தாமதம் நிறைய. நேரம் பிசகக் கூடாத சார்பை ரேமில் வைக்கச் சொல்வது அங்கே கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 264 கிலோபைட் ரேம் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

எம்7-ல் தரவுக் கேஷ் இன்னொரு பாடம் கற்பிக்கும். டிஎம்ஏ ரேமில் எழுதியதைக் கோர் பார்க்காமல் கேஷில் உள்ள பழைய மதிப்பையே படிக்கும். பஃபரை 32 பைட் எல்லையில் வைத்து, படிக்கும் முன் அந்தக் கேஷ் வரிகளைச் செல்லாததாக்க வேண்டும். எம்4-ல் இருந்து எம்7-க்கு மாறுபவர்கள் இதற்கு ஒரு நாள் ஒதுக்கி வைப்பது நல்லது.

படி 8: பெஞ்ச்மார்க் எண்களை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்

டிரைஸ்டோன் என்ற வேகச் சோதனை நிரல் 1984-ல் வந்தது. சிறிய நிரல், கம்பைலரின் சாமர்த்தியத்தால் எளிதில் வீங்கும் எண். கோர்மார்க் 2009-ல் இஇஎம்பிசி அமைப்பு வெளியிட்டது. பட்டியல், அணி, நிலைமாற்றம், சிஆர்சி என்று கலவையாக இருப்பதால் பரவாயில்லை. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு எம்0 சுமார் 2.3, எம்0 பிளஸ் சுமார் 2.5, எம்3, எம்4 இரண்டும் சுமார் 3.3, 3.4, எம்33 சுமார் 4, எம்7 சுமார் 5. எம்3-ம் எம்4-ம் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். கோர்மார்க் முழு எண் வேலை. எம்4-ன் டிஎஸ்பி கட்டளைகளும் எஃப்பியூவும் இதில் தெரியவே தெரியாது.

ஒரு போர்டின் கோர்மார்க்கைப் பார்க்கும்போது எந்தக் கம்பைலர், எந்த அமைப்பு, நிரல் ஃபிளாஷில் ஓடியதா ரேமில் ஓடியதா என்று பாருங்கள். இவை இல்லாத எண்ணை நான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

படி 9: உங்கள் நிரலையே அளந்து பாருங்கள்

எம்3, எம்4, எம்7, எம்33 சிப்களில் பெரும்பாலும் டிடபிள்யூடி என்ற டீபக் அலகில் 32 பிட் சைக்கிள் எண்ணி இருக்கும். டீபக் ரெஜிஸ்டரில் டிரேஸ் பிட்டைப் போட்டுவிட்டு எண்ணியைத் தொடங்கி, சார்புக்கு முன்னும் பின்னும் படித்துக் கழித்தால் சைக்கிள்கள் கிடைக்கும். சில எம்7 சிப்களில் முதலில் அதன் பூட்டைத் திறக்க வேண்டும். 72 மெகாஹெர்ட்ஸில் இந்த எண்ணி சுமார் 60 நொடிக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும்.

எம்0, எம்0 பிளஸில் இந்த எண்ணி இல்லை. சிஸ்டிக் டைமரைக் கோரின் கடிகாரத்தில் ஓடவிடுங்கள். அது 24 பிட், கீழ்நோக்கி எண்ணும். 133 மெகாஹெர்ட்ஸில் 0.126 நொடிதான் தாங்கும். ஆகவே சிறிய பகுதிகளை மட்டும் அளக்கவும். ஆஸிலோஸ்கோப் இருந்தால் சார்பின் தொடக்கத்தில் ஒரு பின்னை ஏற்றி முடிவில் இறக்கிப் பாருங்கள். இன்டரப்டுகள் நடுவில் புகுவதும் அலையில் அப்படியே தெரியும் என்பதால் எனக்கு மிகப் பிடித்த முறை இது.

அளக்கும்போது இரண்டு போர்டுகளிலும் ஒரே கம்பைலர் பதிப்பு, ஒரே ஆப்டிமைசேஷன் நிலை. விடையை வாலட்டைல் மாறியில் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பைலர் கணக்கையே தூக்கி எறிந்துவிடும். நூறு முறை ஓட்டிச் சராசரியோடு உச்சபட்சத்தையும் குறியுங்கள். நேரக் கெடு உள்ள வேலையில் சராசரி உங்களைக் காப்பாற்றாது. முதல் ஓட்டத்தைத் தனியாக எழுதிவையுங்கள், கேஷ் காலியாக இருக்கும்போது நடப்பது அதுதான்.

கோரை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒப்பிட ஆசைப்படுபவர்களுக்கு 2024-ல் வந்த பிக்கோ 2 ஒரு வரம். அதன் ஆர்பி2350 சிப்பில் இரண்டு எம்33 கோர்களும் இரண்டு ஹஸார்டு3 ரிஸ்க்-வி (ஆர்ம் அல்லாத வேறொரு கட்டளைத் தொகுப்பு) கோர்களும் உள்ளன. எதை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கலாம். அதே 520 கிலோபைட் ரேம், அதே 150 மெகாஹெர்ட்ஸ், அதே ஃபிளாஷ் பாதை. வித்தியாசம் வந்தால் அது கோர், கட்டளைத் தொகுப்பு, கம்பைலர் மூன்றில் இருந்துதான் வர முடியும். ஹஸார்டு3-ல் எஃப்பியூ இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்து ஃப்ளோட் சோதனையைத் தனியாக நடத்துங்கள்.

படி 10: மின்கலத்தில் ஓடுமென்றால்

ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இத்தனை மைக்ரோஆம்பியர் என்ற வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வேலைக்கு ஆகும் மின்னோட்டத்தை அது ஓடும் நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். உதாரணத்துக்குச் சிறிய கோர் 5 மில்லிஆம்பியரில் 20 மில்லிநொடி ஓடுகிறது, பெரியது 12 மில்லிஆம்பியரில் 6 மில்லிநொடியில் முடித்துவிட்டுத் தூங்குகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 100-க்கு எதிராக 72. பெரிய கோரே சிக்கனம். ஆனால் நாளில் சில முறைதான் அந்த வேலை வருகிறது என்றால் தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டமே மொத்தக் கணக்கையும் முடிவு செய்யும். அது கோரைச் சார்ந்ததல்ல, சிப்பைச் சார்ந்தது. போர்டில் ஒட்டியிருக்கும் ரெகுலேட்டரும் மின்விளக்கும் சேர்த்து இழுப்பதால் சிப்பின் வரியில் மட்டும் அளக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஒலி வடிகட்டிக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். 32 குணகங்கள் மட்டும் என்றால் வேகப் பெருக்கி உள்ள எம்0 பிளஸ், நிரலை ரேமில் வைத்து. 128 என்றால் எம்4, வடிகட்டி டிஎஸ்பி லைப்ரரியில். ஃப்ளோட்டில் எழுதியே ஆக வேண்டும் என்றால் எஃப்பியூ இருப்பதை டேட்டாஷீட்டில் உறுதிசெய்த எம்4 அல்லது எம்33. எம்3-ஐ இந்த வேலைக்கு எடுக்க மாட்டேன். இன்டரப்டுகளும் தொடர்பு நிரலும் நிறைந்த, தசமக் கணக்கு இல்லாத திட்டம் கையில் வரும்போது அதையே முதலில் எடுப்பேன்.